குடியரசைக் காப்பது சட்டமா, குணமா? அமெரிக்காவின் தொடக்க கால வரலாறு

1787 செப்டம்பர் மாதம். பிலடெல்பியா நகரில் ஏறத்தாழ நான்கு மாதங்களாக இரகசியமாக நடந்துவந்த ஒரு கூட்டம் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விடுதலை பெற்ற புதிய நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதத்தான் அந்தக் கூட்டம். வந்து கலந்துகொண்டவர்கள் 55 பேர். கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். அவர்களில் மூத்தவரான பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அப்போது வயது 81. அவரிடம் ஒரு பெண்மணி, "எங்களுக்கு என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள், குடியரசா மன்னராட்சியா?" என்ற பொருளில் கேட்டார். குடியரசுதான், ஆனால் அதைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு என்ற கருத்தில் பதில் சொன்னார் பிராங்க்ளின். அதே கூட்டத்தில் உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் மெக்ஹென்றி இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

மதரஸாவில் ஓதி முடித்த பிறகு அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு படித்தபோது, இந்தச் சம்பவத்தைத் தேர்வுக்கான ஒரு துணுக்காகத்தான் நான் மனப்பாடம் செய்தேன். அந்தப் பதிலில் உள்ள சுமை அப்போது புரியவில்லை. சட்டத்தை எழுதி முடித்த கையோடு, அந்தச் சட்டத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று எழுதியவரே சொல்கிறார். அப்படியானால் வேறு எது தேவை? அமெரிக்கக் குடியரசைத் தோற்றுவித்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடை சரியானது. அதன்படி அவர்கள் எங்கே நடந்தார்கள், எங்கே நடக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இந்த வரலாற்றில் நாம் நினைப்பதைவிட அதிகமாக முஸ்லிம்கள் வருகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி விடுகிறேன்.

அந்த விடை என்ன?

பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-இல் சட்டங்களின் இயல்பு பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அமெரிக்கத் தலைவர்கள் பலரும் அதைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒவ்வொரு ஆட்சி முறையையும் உள்ளிருந்து இயக்கும் விசை ஒன்று உண்டு என்பது அவர் வாதம். கொடுங்கோலாட்சி அச்சத்தால் ஓடுகிறது. மன்னராட்சி கௌரவத்தால் ஓடுகிறது. குடியரசோ குடிமக்களின் பண்பால் மட்டுமே ஓடும். இங்கே பண்பு என்று அவர் சொன்னது தனிமனித பக்தியை அல்ல. தன் நலனைவிடப் பொது நலனை முன்னே வைக்கும் பழக்கத்தை. இதைக் குடிமைப் பண்பு என்று சொல்லலாம். நம் வீடுகளில் புழங்கும் சொல்லில் சொன்னால் அமானிதம் பேணுவது. பள்ளிவாசல் கணக்கை வைத்திருப்பவர் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல் இருப்பது எப்படியோ, அப்படிப் பொதுவானதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளாமல் இருப்பது.

மன்னராட்சியில் மக்கள் ஒழுங்காக இல்லாவிட்டாலும் படை இருக்கிறது, தண்டனை இருக்கிறது, ஆட்சி ஓடிவிடும். குடியரசில் ஆள்பவரும் மக்களே என்பதால், மக்கள் கெட்டால் திருத்துவதற்கு மேலே யாரும் இல்லை. ரோமாபுரி முதலில் குடியரசாக இருந்து பிறகு பேரரசர்களின் கையில் விழுந்த கதையை அந்தத் தலைமுறை திரும்பத் திரும்பப் படித்தது. ரோமானிய வரலாற்றில் சின்சினாட்டஸ் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது ஏர் உழுதுகொண்டிருந்தவரை அழைத்து முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். எதிரியை வென்றார். 16 நாட்களில் அதிகாரத்தைத் திருப்பித் தந்துவிட்டு மீண்டும் ஏர் பிடிக்கப் போய்விட்டார். அமெரிக்கர்கள் தங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

மூக்குக் கண்ணாடியும் இராஜினாமாவும்

1783 மார்ச். போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் நியூபர்க் என்ற இடத்துக்கு அருகே அமெரிக்கப் படை முகாமிட்டிருந்தது. அதிகாரிகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. வாக்களித்த ஓய்வூதியம் வருமா என்றும் தெரியவில்லை. காங்கிரஸ் என்று அழைக்கப்பட்ட அவர்களின் நாடாளுமன்றத்திடமோ காசு இல்லை. பெயர் போடாத ஒரு கடிதம் முகாமில் கைமாறியது. கேட்டது கிடைக்காவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். எத்தனையோ நாடுகளில் இராணுவ ஆட்சி இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. அதிகாரிகளின் குறையும் பொய்யல்ல. அவர்கள் உண்மையிலேயே ஏமாற்றப்பட்டிருந்தார்கள்.

மார்ச் 15 அன்று அதிகாரிகள் கூடினார்கள். அந்தக் கூடத்துக்கே 'பண்பின் ஆலயம்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் எதிர்பாராமல் உள்ளே நுழைந்தார். எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தார். முகங்கள் இளகவில்லை. பிறகு காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தை எடுத்து வாசிக்கப் போனவர் தடுமாறினார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிவது அங்கிருந்த பலருக்கும் தெரியாது. உங்களோடு சேவை செய்து தலை நரைத்தது மட்டுமல்ல, இப்போது கண்ணும் மங்குகிறது என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னார். போர்க்களத்தில் கலங்காதவர்கள் அங்கே கண்கலங்கினார்கள். அவர் வெளியேறிய பிறகு, காங்கிரஸுக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 23. மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸ் நகரில் காங்கிரஸ் கூடியிருந்தது. இருபது பேர் அளவுக்கே உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். சடங்கு முறையை வகுத்தவர்களில் தாமஸ் ஜெபர்சனும் ஒருவர். வாஷிங்டன் எழுந்து நின்று தலை தாழ்த்த வேண்டும். உறுப்பினர்கள் உட்கார்ந்தபடியே தொப்பியை மட்டும் சற்று உயர்த்துவார்கள், பதிலுக்குத் தலை வணங்க மாட்டார்கள். படையைவிட மக்கள் அவையே பெரிது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி செய்த ஏற்பாடு அது. எட்டு ஆண்டுகள் படை நடத்தி வென்ற மனிதர், சம்பளம் கொடுக்கக்கூடக் காசில்லாத அந்த அவையின் முன் நடுங்கும் கையில் தாளைப் பிடித்துக்கொண்டு பதவியைத் திருப்பித் தந்தார். மறுநாள் இரவே வர்ஜீனியாவில் உள்ள தம் மௌண்ட் வெர்னான் பண்ணை வீட்டை அடைந்தார்.

இதைப் படிக்கும்போது ஓர் ஆலிமுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வராமல் இருக்காது. வெற்றி மேல் வெற்றி குவித்த காலித் பின் வலீத் (ரலி) அவர்களை உமர் (ரலி) அவர்கள் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. அடுத்தவரின் தலைமையில் போரிட்டார். ஒரு சமுதாயத்தின் ஆரோக்கியம் அதன் வலிமை மிக்க மனிதர் எப்படி விலகுகிறார் என்பதில் தெரிகிறது.

வாஷிங்டன் பிறகு முதல் ஜனாதிபதியாக இரண்டு முறை பதவி வகித்து, 1797-இல் தாமாகவே விலகினார். அடுத்து வந்த ஜான் ஆடம்ஸ் 1800 தேர்தலில் தோற்றபோது, 1801 மார்ச் 4 அன்று எதிரணியைச் சேர்ந்த ஜெபர்சனிடம் ஆட்சி ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கைமாறியது. ஆடம்ஸ் பதவியேற்பு விழாவுக்கு நிற்காமல் அதிகாலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்பது வேறு விஷயம். கோபம் இருக்கலாம், கிளம்பினாரே, அது போதும்.

எதிரிக்காக வாதாடிய வழக்கறிஞர்

ஜான் ஆடம்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. கைதான கேப்டனுக்கும் எட்டுச் சிப்பாய்களுக்கும் வாதாட வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துவந்த ஆடம்ஸ் அந்த வழக்கை எடுத்துக்கொண்டார். கேப்டன் விடுதலையானார். சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்குக் கொலை அல்லாத மரணக் குற்றத்துக்காகக் கட்டை விரலில் சூடு போடப்பட்டது. ஊரில் அவருக்கு ஏச்சும் பேச்சும் கிடைத்தன. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து தவறச் செய்துவிடக் கூடாது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓதியிருக்கும் நமக்கு, அவர் செய்ததன் மதிப்பு எளிதில் விளங்கும்.

ஆனால் அதே வாதத்தில் அவர் கூட்டத்தின் மீதுதான் பழியைப் போட்டார். குறிப்பாக இறந்தவர்களில் ஒருவரான, ஆப்பிரிக்க இரத்தமும் செவ்விந்திய இரத்தமும் கலந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவரைப் பயங்கரமான உருவமாகச் சித்தரித்தார். நீதிக்காக நின்ற நாளிலும் எவருடைய தோல் நிறம் எளிதாகப் பழி சுமக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வானவர்கள் அல்ல மனிதர்கள்

மக்களின் நற்பண்பை நம்பி ஒரு நாட்டை நடத்த முடியுமா? அரசமைப்புச் சட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜேம்ஸ் மாடிசன் இதில் கண்மூடித்தனமாக இருக்கவில்லை. மனிதர்கள் வானவர்களாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று எழுதியவர் அவர். அதனால்தான் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று அதிகாரத்தைப் பிரித்து ஒன்றை மற்றொன்று கண்காணிக்கும்படி வைத்தார்கள். ஆனால் 1788 ஜூன் மாதம் வர்ஜீனியாவில் சட்டத்தை ஏற்பது பற்றி விவாதம் நடந்தபோது அதே மாடிசன், மக்களிடம் பண்பே இல்லையென்றால் எந்த ஆட்சி அமைப்பும் நம்மைக் காப்பாற்றாது என்றும் பேசினார். இரண்டும் முரண் அல்ல. பூட்டு வேண்டும், ஆனால் தெருவில் எல்லோரும் திருடர்களாக இருந்தால் பூட்டு எத்தனை நாள் தாங்கும்?

நம் நாட்டின் அரசமைப்பு அவையிலும் 1949 நவம்பர் 25 அன்று டாக்டர் அம்பேத்கர் ஏறக்குறைய இதையே சொன்னார். சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைச் செயல்படுத்துவோர் கெட்டவர்களாக இருந்தால் அதுவும் கெட்டதாகிவிடும் என்பது அவர் எச்சரிக்கை. மக்களாகிய நாம் என்று தொடங்கும் நம் முகப்புரையின் முதற்சொற்களே அமெரிக்க முகப்புரையை நினைவூட்டுபவைதான்.

ஒரு முஸ்லிம் ஜனாதிபதியாகலாமா?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, எந்தப் பொதுப் பதவிக்கும் மதத்தை ஒரு தகுதியாகக் கேட்கக் கூடாது என்கிறது. இன்று சாதாரணமாகத் தெரியலாம். அன்று பல மாநிலங்களின் சட்டங்களே இதற்கு மாறாக இருந்தன. வட கரோலினா மாநிலத்தில் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1788 கோடையில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். ஜூலை 30 அன்று ஹென்றி அப்பட் என்ற உறுப்பினர் எழுந்து, இப்படிச் சட்டம் வைத்தால் முஸ்லிம்களும் பதவிக்கு வந்துவிடக் கூடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள் என்றார். இன்னொருவர் நானூறு ஐந்நூறு ஆண்டுகள் கழித்தாவது ஒரு முஸ்லிம் ஜனாதிபதி நாற்காலியில் உட்காரக்கூடும் என்று கவலைப்பட்டார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐர்டெல் பதில் சொன்னார். ஒரு கூட்டத்தாரை விலக்கினால், நாம் பெருமையாகப் பேசும் மதச் சுதந்திரமே கையைவிட்டுப் போய்விடும். யாரை வேண்டும் என்பதை மக்கள் தேர்தலில் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஜெபர்சனும் இந்தப் பக்கம் நின்றவரே. சட்டம் படித்துக்கொண்டிருந்த 1765-இல் ஜார்ஜ் சேல் என்பவரின் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்கினார். வர்ஜீனியாவில் 1786-இல் நிறைவேறிய மதச் சுதந்திரச் சட்டம் அவர் எழுதியது. அதில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க நடந்த முயற்சி தோற்றதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டபோது, அந்தச் சட்டத்தின் நிழல் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, இறைமறுப்பாளர் அனைவருக்கும் உரியது என்று அவர் விளக்கினார். வாஷிங்டனும் 1784-இல் தம் பண்ணை வீட்டு வேலைக்கு ஆள் தேடும்படி எழுதிய கடிதத்தில், நல்ல வேலையாளாக இருந்தால் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எங்கிருந்து வந்தாலும் சரி, முஸ்லிமாக இருந்தாலும் சரி என்று குறிப்பிட்டார்.

இதையெல்லாம் படித்து நம் மனம் குளிர்கிறது. குளிரட்டும். ஆனால் அதே மௌண்ட் வெர்னான் பண்ணையின் 1774-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. வரி கட்டுவதற்காக எடுத்த ஆள் கணக்கு. அந்த அடிமைகளின் பெயர்களில் 'ஃபாத்திமர்', 'சின்ன ஃபாத்திமர்' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பாத்திமா என்ற பெயர் எழுதுபவரின் நாக்கில் அப்படி ஆகியிருக்க வேண்டும். தாயும் மகளுமாக இருக்கலாம். ஒரு முஸ்லிம் வேலைக்கு வந்தாலும் பரவாயில்லை என்று வாஷிங்டன் எழுதுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் பண்ணையில் அந்தப் பெயர்கள் இருந்தன. கூலி இல்லாமல்.

இருபது ஆண்டு பேரம்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் அப்போது அடிமை என்ற சொல்லே கிடையாது. வெட்கம் இருந்தது. ஆனால் விஷயம் இருந்தது. மாநிலங்களின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ண வேண்டும் என்று ஒரு விதி. இதனால் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குக் காங்கிரஸில் கூடுதல் இடங்கள் கிடைத்தன. தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவருவதை 1808-ஆம் ஆண்டு வரை காங்கிரஸ் தடை செய்ய முடியாது என்று மூன்றாவது விதி.

இந்த மூன்றாவது விதி வந்த கதை முக்கியமானது. முதலில் 1800 வரை என்றுதான் பேச்சு. தென் கரோலினாவைச் சேர்ந்த பிங்க்னி அதை 1808 ஆக்கச் சொன்னார். இருபது ஆண்டுகளில் என்னென்ன கேடு உண்டோ அத்தனையும் நடந்துவிடும் என்று மாடிசன் எதிர்த்தார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் இன்னும் கடுமையாகப் பேசினார். அடிமைகளை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் ஒரு குட்டிக் கொடுங்கோலனாகவே பிறக்கிறான், இது நம் குணத்தையே கெடுக்கிறது என்பது அவர் பேச்சின் கருத்து. குடிமைப் பண்பைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் இதைவிட உண்மையானது இல்லை என்பேன். ஆனால் பேசிய மேசனும் எதிர்த்த மாடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். தென் மாநிலங்கள் பிரிந்து போய்விடக் கூடாது என்று அவை விட்டுக்கொடுத்தது. 1808 என்று எழுதப்பட்டது.

மன்னனிடம் அதிகாரத்தைக் கேட்டு வாங்கிய கை, படையிடம் கெஞ்சாத கை, எதிரியின் சிப்பாய்க்கும் நீதி கேட்ட கை இங்கே வந்து நின்றுவிட்டது. பண்புக்கான சோதனை, திருப்பித் தாக்க முடியாதவனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் இருக்கிறது. அதில் அவர்கள் பேரம் பேசினார்கள்.

பிராங்க்ளின் மட்டும் கடைசிக் காலத்தில் மாறினார். முன்பு அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். 1790 பிப்ரவரியில், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக, காங்கிரஸுக்கு ஒரு மனு அனுப்பினார். ஜார்ஜியா மாநிலத்தின் ஜேம்ஸ் ஜாக்சன் அதை எதிர்த்து, அடிமை முறையை ஆதரித்து நீண்ட உரை ஆற்றினார். அதற்குப் பிராங்க்ளின் பத்திரிகையில் எழுதிய பதில் ஒரு நையாண்டிக் கட்டுரை. நூறு ஆண்டுகளுக்கு முன் அல்ஜியர்ஸ் நகர ஆட்சி மன்றத்தில் சீதி முஹம்மத் இப்ராஹீம் என்பவர் பேசியதாக ஒரு கற்பனை. கிறிஸ்தவர்களை அடிமைகளாக வைப்பது எவ்வளவு தேவையானது, விடுவித்தால் நம் வயலில் யார் வேலை செய்வார்கள், அவர்களுக்கும் இதுதானே நல்லது என்று ஜாக்சன் சொன்ன அதே வாதங்களை அந்த முஸ்லிம் பாத்திரத்தின் வாயில் வைத்தார். படித்தவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

இதில் நம்மையும் குத்தும் ஒரு முள் உண்டு. அல்ஜியர்ஸ் கற்பனை ஊர் அல்ல. அந்தக் காலத்தில் வட ஆப்பிரிக்கக் கடலோடிகள் கிறிஸ்தவ மாலுமிகளைப் பிடித்து அடிமைகளாக வைத்திருந்தது உண்மை. 1785-இல் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டையும் பிடித்தார்கள். அடிமையை விடுவிப்பது பெரும் நன்மை என்று சொல்லித் தந்த மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் அவர்கள். பிராங்க்ளினின் கண்ணாடி இரண்டு பக்கமும் காட்டுகிறது.

1808-க்கு முன் தலையிட அதிகாரம் இல்லை என்று சொல்லிக் காங்கிரஸ் மனுவை ஒதுக்கியது. 1790 ஏப்ரல் 17 அன்று பிராங்க்ளின் இறந்தார்.

வாஷிங்டன் செய்தது இரண்டு விதம். அப்போதைய தலைநகரான பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி, வெளியூர்க்காரரின் அடிமை அங்கே தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் விடுதலை கோரலாம். ஜனாதிபதி வாஷிங்டன் ஆறு மாதம் முடியும் முன்பே தம் வீட்டு அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்தார். அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் காரணம் தெரியாதபடி இதைச் செய்யும்படி 1791-இல் தம் செயலாளருக்கு எழுதினார். 1796 மே மாதம், அவர் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து வெளியேறி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குத் தப்பினார். அவரைத் திரும்பக் கொண்டுவர வாஷிங்டன் முயன்றார், முடியவில்லை. அதே வாஷிங்டன் 1799-இல் எழுதிய உயிலில் தமக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கும் விடுதலை எழுதி வைத்தார். மனைவி வழியில் வந்தவர்களை விடுவிக்க அவருக்குச் சட்ட உரிமை இல்லை. மனைவியின் காலத்துக்குப் பிறகு என்று உயில் சொன்னாலும், அந்த அம்மையார் 1801 ஜனவரி 1 அன்றே விடுவித்தார். வாழ்நாளில் செய்யாததை இறந்த பிறகாவது செய்தார் என்பதா, இறக்கும் வரை செய்யவில்லை என்பதா? நான் இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

1807-இல் வந்த கப்பல்

1807 மார்ச்சில், ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன், அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் அடிமை இறக்குமதியைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பேரம் பேசிய இருபது ஆண்டு முடியப் போகிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கடைசி நேர அவசரம். கப்பல் மேல் கப்பலாக ஆட்கள் வந்திறங்கினார்கள். அந்த ஆண்டு வந்தவர்களில் ஒருவர் உமர் பின் சயீத்.

இன்றைய செனகல் நாட்டில் உள்ள ஃபூட்டா தோரோ பகுதியில் 1770 வாக்கில் பிறந்தவர். 25 ஆண்டுகள் உஸ்தாதுமார்களிடம் ஓதியவர். நம் ஊர் மதரஸாவில் ஏழு ஆண்டு ஓதி முடித்ததற்கே எங்களுக்குத் தலைப்பாகை கட்டி மாலை போடுகிறார்கள். இவர் ஓதியது 25 ஆண்டு. ஒரு பெரும்படை ஊருக்குள் புகுந்து பலரைக் கொன்றது. அவரைக் கட்டிக் கடலோரம் கொண்டுபோய் விற்றார்கள். ஒன்றரை மாதக் கடல் பயணம். சார்ல்ஸ்டனில் அவரை வாங்கியவன் இறைவனைப் பற்றிச் சிறிதும் அஞ்சாத கொடியவன் என்று பிறகு அவரே எழுதினார். கடும் வேலை செய்ய உடலில் தெம்பில்லாமல் தப்பி ஓடினார். வட கரோலினாவின் ஃபயட்வில் அருகே தொழுவதற்காக ஒரு வழிபாட்டு இடத்துக்குள் நுழைந்தபோது பிடிபட்டார். 16 நாட்கள் சிறை. சிறைச் சுவரில் கரியால் அரபியில் எழுதினார், அதைப் பார்க்க ஊர் கூடியது என்று சொல்வார்கள்.

பிடிபட்ட மாநிலத்தைக் கவனியுங்கள். வட கரோலினா. ஒரு முஸ்லிம் நானூறு ஆண்டு கழித்து ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று 22 ஆண்டுகளுக்கு முன் பேசிய அதே மாநிலம். அங்கேதான் ஓர் ஆலிமைச் சிறையிலிருந்து ஓவன் என்ற குடும்பத்தார் விலைக்கு வாங்கினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநரும் ஆனார். இவர்கள் அடிக்கவில்லை, தாங்கள் உண்பதையும் உடுப்பதையும் தருகிறார்கள் என்று உமர் எழுதியிருக்கிறார். தேவாலயத்தில் அவரை உறுப்பினராகவும் சேர்த்தார்கள். அவர் மனத்தளவில் எங்கே நின்றார் என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதை அல்லாஹ்வே அறிவான். அடிமையின் வாயிலிருந்து வந்த வார்த்தையை வைத்து நாம் தீர்ப்பு எழுத வேண்டாம்.

1831-இல் அவரிடம் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். அரபியில் சுமார் 15 பக்கம் எழுதினார். இலக்கணமும் மொழியும் மறந்துவிட்டன, குறை காணாதீர்கள் என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். விடியலுக்கு முன் பள்ளிவாசலுக்கு நடந்ததை, உளூ செய்ததை, தொழுததை, விளைச்சலிலும் கால்நடையிலும் ஜகாத் கொடுத்ததை நினைவுகூர்கிறார். ஆனால் தன் கதைக்கு முன்பாக, முதல் பக்கங்களில், மனப்பாடத்திலிருந்து சூரத்துல் முல்க்கை எழுதியிருக்கிறார்.

ஏன் அந்த சூரா? இரவில் ஓதும் வழக்கம் உள்ள சூரா என்பதால் நாவில் வந்திருக்கலாம். ஆனால் அரபி இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்று தோன்றும். மீம், லாம், காஃப் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்துதான் முல்க் என்றால் ஆட்சி, மலிக் என்றால் அரசன், மாலிக் என்றால் உடைமையாளன், மம்லூக் என்றால் உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை. ஆட்சி முழுவதும் யாருடைய கையில் இருக்கிறது என்று சொல்லித் தொடங்கும் சூராவை, தன்னை விலை கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் உட்கார்ந்து, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறார் ஒரு மம்லூக். அந்தக் குடியரசு மலிக்கை விரட்டியது. மாலிக்கை வைத்துக்கொண்டது.

அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் 1865-இல் வந்தது. அதற்குச் சற்று முன்பே, ஏறத்தாழ 90 வயதைத் தாண்டி, அடிமையாகவே அவர் இறந்துவிட்டார். ஃபயட்வில் நகரில் இன்று அவர் பெயரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகரை எரித்தபோது காங்கிரஸ் நூலகமும் எரிந்தது. மறு ஆண்டு ஜெபர்சன் தம் சொந்த நூல்களை அந்த நூலகத்துக்கு விற்றார். 1765-இல் வாங்கிய குர்ஆன் மொழிபெயர்ப்பும் அதில் இருந்தது. 2007 ஜனவரியில், காங்கிரஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிமான கீத் எல்லிசன் அந்தப் பிரதியின் மீது கை வைத்து உறுதிமொழி எடுத்தார். உமர் பின் சயீதின் கையெழுத்துப் பிரதி பல கைகள் மாறி 2017-இல் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2019 முதல் அதன் பக்கங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மக்ரிபி எழுத்து நடை. முதலில் கொஞ்சம் தடுமாறும். சூரத்துல் முல்க் மனப்பாடமாக உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கூடவே ஓதிவிடுவார்கள்.